கிரகணத்தன்று நறுக்கிய வெள்ளரிப்பிஞ்சு

12 டிசம்பர் 1955

பேறுகாலத்துக்குப் பொன்னமராவதிக்குப் போயிருந்த சந்தனம் மதினிக்குப் பெண் குழந்தை. அண்ணன் பள்ளிக்கூடத்துக்கே வந்து சொன்னான். முகத்தில் சந்தோஷம் இல்லை. "ஒதடு பிளந்திருக்கு, உண்ணாமலை" என்றான். அடுத்த வகுப்பை எப்படி எடுத்தேனோ.

14 டிசம்பர்

ஆத்தாவோடு போய்ப் பார்த்தேன். மேலுதட்டிலிருந்து மூக்கு வரை பிளவு. உறிஞ்ச முடியாத குழந்தைக்கு மதினி சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். ஆத்தா தொடவில்லை.

"கெரகணத்தன்னிக்கு அரிவாமணைப் பக்கம் போகாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். வெள்ளரிப்பிஞ்சு கேட்டுச்சா ஒனக்கு?"

"நறுக்கிட்டேன் அத்தை." மதினி நிமிரவே இல்லை. அவளும் அதைத்தான் நம்புகிறாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஆத்தா சொன்னாள்: "அவ அங்கிட்டே இருக்கட்டும். அழைக்க யாரும் போக வேணாம்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த வீட்டின் முதல் பி.எஸ்ஸி.!

18 டிசம்பர்

கல்லூரி நோட்டுகளைத் தேடி எடுத்தேன். மேலுதடு இரண்டாம் மாதத்திலேயே கூடிவிடுகிறது. ஜூன் கிரகணத்தின்போது மதினிக்கு நாலாம் மாதம்.

ஆனால் வெளியே நடப்பது எதுவும் கருவின் விதையைத் தொடாது என்று சொல்ல முடியுமா? எக்ஸ்ரே பட்ட ஈக்களின் சந்ததியில் மாறுதல் வந்ததாகப் படித்தோமே. வந்தது, சரி — எங்கே, எப்படி மாற்றுகிறோம் என்று அந்தக் கதிருக்குத் தெரியாது. அரிவாமணை வெட்டியது என்ற சேதி உள்ளே போய், அதே வெட்டாக உதட்டில் விழுமா? விழாது.

ஆத்தாவிடம் சொன்னேன். "ஒம் பொஸ்தகம் புள்ளை பெத்துப் பாத்துச்சா?" என்றாள்.

19 டிசம்பர்

அப்படியானால் எங்கிருந்து வந்தது?

2 ஜனவரி 1956

அப்பா கொல்லையில் மீசை கத்தரித்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

எனக்கு ஏழு வயதில் அவருடைய தாய் இறந்தார். எங்களில் ஆண்கள் மீசையை எடுப்பது தாய் தகப்பன் சாவுக்கு மட்டும்தான். மறுபடி வளரும் வரை அப்பா வாயைத் துண்டால் மறைத்தே நடந்தார். ஒருமுறை அது நழுவியது. உதட்டிலிருந்து மூக்கு வரை ஒரு கோடு, பிளந்து ஒட்டியதுபோல. மாடு முட்டியது என்றார்.

மாடு அவ்வளவு நேராகவா முட்டும்?

5 ஜனவரி

கேட்டுவிட்டேன். "மாடுதானாப்பா?"

அப்பா துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். பிறகு, "பொறந்தப்பவே இருந்துச்சு" என்றார்.

ஆத்தா ஓடி வந்தாள். "தை மாசம் ஒன்னையப் பாக்க வர்றாக. எங்க ரத்தம் இப்படின்னு நீயே தமுக்கடி!"

அவள் பயம் பொய்யில்லை. ரத்தவழிதான் என்று அடித்துச் சொல்ல என் படிப்பு போதாது. ஆனால் வெள்ளரிக்காயை விட இதைத்தான் நம்புகிறேன். நம்பினால், அந்தக் கோடு என்னுள்ளும் இருக்கலாம். வாயை மூடிக்கொண்டால் எனக்கு நல்லது. மதினிக்கு?

"மதினி ஒண்ணும் பண்ணலைப்பா." அவர் எழுந்து போய்விட்டார்.

9 ஜனவரி

காலையில் அப்பா மீசை இல்லாமல் வந்தார். ஆத்தா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

பள்ளிக்கூடம் போக நானும் அவரோடுதான் பஸ்ஸுக்கு நின்றேன். டீக்கடை அடைக்கப்பன் பதறி எழுந்தார். "யாருங்க தவறிட்டாக?"

"யாரும் சாகலைப்பா. இது பொறப்புலேயே உள்ளது. எம் பேத்திக்கும் இருக்கு. அழைச்சுட்டு வரப் போறேன்."

துண்டு தோளிலேயே கிடந்தது.

10 ஜனவரி

மதினி வந்துவிட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாளாம், பிறகு குழந்தையைப் பார்த்தாளாம். அப்புறம்தான் அழுதாளாம்.

8 பிப்ரவரி

என்னைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை.

22 ஏப்ரல்

மதுரையில் குழந்தைக்கு உதட்டைத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்பா மீசை வளர்க்கவில்லை. ஆத்தா என்னிடம் இன்னும் அளந்துதான் பேசுகிறாள்.

இன்று சந்தையிலிருந்து வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வந்தாள். கழுவினாள். அரிவாமணையை எடுத்து மதினி பக்கமாகத் தள்ளினாள்.

"பிஞ்சாத்தான் இருக்கு. நறுக்கு."