பேச்சியும் மெலிந்த எலிகளும்

ஏழாயிரம்பண்ணை
18.7.2005

அன்புள்ள தம்பி முனியராஜுக்கு, அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம். இந்த முறை பேச்சியைத் தவிர என்று சேர்த்துக்கொள்.

என் வயிற்றில் பிறந்த உன் மருமகளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. இன்னும் எழுந்து நிற்கவில்லை. வயிற்றுப்போக்கு விட்டுவிட்டு வருகிறது. தீபாவளி சீசன் என்பதால் விடியும் முன்பே பட்டாசுக் கம்பெனி வேன் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு சுப்புலட்சுமி மதினியிடம் பிள்ளையை விட்டுப் போகிறேன். டீயில் பொறை ரொட்டி நனைத்து ஊட்டுகிறாள். வயிற்றால் போனால் அதையும் நிறுத்திப் பட்டினி போடுகிறாள். "ஓடுற வயித்துல சோத்தைப் போட்டா அதுவும் சேந்து ஓடும் தாயி" என்கிறாள்.

தொக்கம் எடுக்கிறவரும் வந்தார். வயிற்றில் சிக்கியிருந்த சோறு என்று எதையோ எடுத்துக் காட்டினார். சாப்பிடாத பிள்ளையின் வயிற்றில் சோற்றைக் கண்டுபிடித்த கெட்டிக்காரர்.

நீ எலிகளுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் இருக்கிறாய். யாரையாவது கேட்டு எழுது.

அக்கா மாரிசெல்வி

சென்னை
27.7.2005

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வைத்தியம் பார்க்கவில்லை. எலிக்கூண்டு கழுவுகிறேன், வேளைக்கு இரை வைக்கிறேன். ஆராய்ச்சி செய்யும் மேடம் எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்திருக்கிறார். ஒரு கூட்டத்துக்கு எல்லாச் சத்தும் உண்டு. இன்னொன்றுக்கு ஏழைப் பிள்ளைகள் தின்பது போன்ற சத்தில்லாத இரை. அது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. நம் தெருவில் கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பார்கள்.

மேடத்திடம் பேச்சியைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாணவர்களுக்கு அவர் சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன். குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. பெரும்பாலும் நல்லவை. நாம் தின்பதில்தான் அவையும் பிழைக்கின்றன. சத்தான சாப்பாடு இல்லையென்றால் நல்லவை குறைந்து கெட்டவை பெருகும். குடலின் உள்சுவர் மெலியும், நோயைத் தடுக்கும் பலமும் போய்விடும். பிறகு தின்பது உடம்பில் ஒட்டாது. ஆகவே பிள்ளையைப் பட்டினி போடாதே.

நம் தெருப் பெத்தணன் இங்கிருந்து ஊருக்கு வருகிறான். அவனிடம் இரண்டு டின் பால் மாவு கொடுத்தனுப்புகிறேன். கடையில் இருந்ததிலேயே உசத்தி. தாராளமாகக் கொடு.

தம்பி முனியராஜ்

ஏழாயிரம்பண்ணை
9.8.2005

அன்புள்ள தம்பிக்கு,

டின் வந்தது. அதன் மேல் இருக்கும் கொழுத்த பிள்ளையைப் பார்க்கத் தெருவே வந்தது. பேச்சி முதல் நாள் ஆசையாகக் குடித்துவிட்டுச் சிரித்தாள். மறுநாள் வயிறு உப்பியது. இப்போது புளித்த வாடையோடு தண்ணீராகப் போகிறது. போகிற இடமெல்லாம் வெந்து சிவந்திருக்கிறது.

"சோத்துக்கே ஓடும்னேன், நீ பாலை ஊத்துறே" என்று மதினி ஏசுகிறாள். "எந்தம்பி படிச்சவன்" என்று அவள் வாயை அடைத்திருக்கிறேன்.

லீவு கேட்டேன். போர்மேன் வெள்ளைத்துரை, "ஒம்பிள்ளைக்கு வயிறு நிக்கிற வரைக்கும் தீபாவளியைத் தள்ளிவைக்கச் சொல்லட்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பாலை நிறுத்தவா, கொடுக்கவா? உடனே எழுது.

அக்கா மாரிசெல்வி

சென்னை
14.8.2005

அன்புள்ள அக்காவுக்கு,

நிறுத்தாதே. நல்ல கிருமிகள் திரும்பி வர நாளாகும், முதலில் அப்படித்தான் இருக்கும். மெலிந்த எலிகளுக்கு நல்ல இரை வைத்ததும் எடை கூடியதை என் கண்ணால் பார்த்தேன். மதினி பேச்சைக் கேட்காதே. இன்னொரு டின் வாங்கி வைத்திருக்கிறேன்.

தம்பி முனியராஜ்

ஏழாயிரம்பண்ணை
2.9.2005

தம்பிக்கு,

உன் கடிதப்படியே கொடுத்தேன். பிள்ளைக்குக் கண் உள்ளே போனதும் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் நல்ல மனிதர். "மெலிஞ்ச குடலுக்குப் பால் செரிக்காதும்மா. கஞ்சி, மோருன்னு கொஞ்சங்கொஞ்சமாக் குடுத்துத் தேத்தியிருக்கணும். யாரு பால் குடுக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

"நானாத்தான் குடுத்தேன்" என்றேன்.

மறுநாள் காலையில் பேச்சி போய்விட்டாள். உனக்குத் தந்தி அடிக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

உன் மச்சானிடமும் அதையே சொன்னேன். "அவன் அனுப்பினது பெரிய பிள்ளைகளுக்கான மாவு, நான்தான் புத்தி கெட்டுப்போய் ஊத்திட்டேன்" என்றேன். நம்பிவிட்டார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அன்றைக்கு உன் படிப்பைச் சொல்லி வாயடைத்தது பொய் என்றதும் மதினியும் நம்பிவிட்டாள், ஆனால் அவள் பேசுகிறாள். நாளை முதல் வேலைக்குப் போகிறேன்.

நீ தீபாவளிக்கு வராதே. கடிதமும் போடாதே. உன் கையெழுத்தைப் பார்த்தால் நான் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

மாரிசெல்வி