கையுறை என்றால் நிறுத்து

கிசில்-தோபோ,
டிசம்பர் 4

பெகிமாயின் அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலம் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால், "அப்புறம் பேசறேன், வரிசை நிக்குது" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது அல்லவா? அதனால்தான் வேன்காரர் சாகினிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதல் பனி விழுந்ததும் வருகிறேன் என்றீர்கள். முழங்கால் வரை விழுந்து கிடக்கிறது. சறுக்குப் பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஊரே மலையடியில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தது. எத்தனை நாள் சாக்குச் சொல்வது? ஆட்களை மேட்டுக்கு இழுக்கும் கயிற்றை ஓட்டுகிற உங்கள் பழைய லாரி எஞ்சினை நானே கிளப்பினேன். இருமியது, புகைந்தது, பிறகு ஓடியது. கயிறும் ஓடியது. எல்லாரும் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள். அவ்வளவுதான் விஷயம். இதற்கா இத்தனை வருஷம் என்னைக் கிட்டேயே விடாமல் வைத்திருந்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் கசீபெக்கின் தடியன் மகன் பாதி வழியில் விழுந்தான். உடனே மேலிருந்து கீழ் வரை "கையுறை! கையுறை!" என்று கூச்சல். நான் நெம்புகோலை இழுத்தேன், கயிறு நின்றது. வெளியூர்க்காரர் ஒருவர் குனிந்து நிஜமாகவே கையுறையைத் தேடிக்கொண்டிருந்தார். நம் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு விளக்கம் சொன்னாள்: "அது கையுறை இல்ல மாமா. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப என் கையுறை விழுந்துச்சு. நான் கத்தினேன், எங்கப்பா கயித்தையே நிறுத்திட்டாரு. அதுலேர்ந்து இங்க யாருக்கு நிறுத்தணும்னாலும் கையுறைன்னுதான் கத்துவாங்க." எட்டு வயதில் அவளுக்கு அதில் அப்படியொரு பெருமை.

எப்போது வருகிறீர்கள்? தேதி எழுதுங்கள். 'பார்க்கலாம்' என்று எழுதாதீர்கள்.

உங்கள்
பெர்மெத்


அல்தின்-சோகு,
டிசம்பர் 11

அன்பு பெர்மெத்,

கோபத்தை மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறாய். சாகின் வேன் மேடேறத் திணறியதில் ஆச்சரியமில்லை.

நான் சொல்வதையும் கொஞ்சம் கேள். இங்கே ஆட்களை இருக்கையில் உட்காரவைத்து மலைமேல் தூக்கிப்போகும் லிஃப்ட் மட்டும் ஆறு. மூன்றாவது என் பொறுப்பில். உட்காரும் இருக்கையே சூடாக இருக்கிறது; நம் வீட்டில் அடுப்பை முழுசாக எரித்தாலும் அந்தச் சூடு வராது. அட்டையைக் காட்டினால் கதவு தானாகத் திறக்கும். நம் மேட்டில் ஒரு கொட்டாவி விடுவதற்குள் கீழே வந்துவிடுகிறோம். இங்கே மேலிருந்து இறங்கினால் பாதி வழியில் பசியே எடுத்துவிடும். யாரும் யாருக்கும் சலாம் சொல்வதில்லை, அது உண்மைதான். மேலாளர் ஒரு முசுடு. "லிஃப்ட்டை நீ நிறுத்தினா, உன்னை நான் நிறுத்திடுவேன்" என்று தினமும் காலையில் ஓதுகிறார். பழகிவிட்டது.

முக்கியமான செய்தி: குடும்பத்தோடு தங்க அறை தருகிறார்கள். குழாயில் வெந்நீர். பெகிமாய்க்குப் பள்ளிக்கூட வேன். பழைய லாரி எஞ்சினையும் ஒரு கயிற்றையும் வைத்துக்கொண்டு எத்தனை காலம் மாரடிப்பது? நான் அங்கே வருவதைவிட நீங்கள் இருவரும் இங்கே வருவதுதான் சரி. ஒரு தடவை வந்து பார். அப்புறம் பேசு.

உன்
தாலாய்


கிசில்-தோபோ,
டிசம்பர் 27

பெகிமாயின் அப்பாவுக்கு,

வந்தோம், பார்த்தோம். இப்போது பேசலாம் அல்லவா?

வெந்நீர் நன்றாக இருந்தது. சரிவுகளும் அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். உச்சியிலிருந்து இறங்கியபோது என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். ஒரு கிண்ணம் சூப்புக்கு நின்ற வரிசையில் நம் ஊரில் ஆட்டை அறுத்துச் சமைத்தே முடித்திருப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு உங்கள் லிஃப்ட்டுக்கு வந்தோம். பின்னால் நின்றவர் என் பலகையை மிதித்தார். நான் தடுமாறி விழுந்தேன். இருக்கை பெகிமாயை மட்டும் அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது. தடுப்புக் கம்பி அவள் கைக்கு எட்டவில்லை. அவள் அம்மா என்று கத்தவில்லை, அப்பா என்றும் கத்தவில்லை. உங்களைத் திரும்பிப் பார்த்து "கையுறை!" என்று கத்தினாள். "ரெண்டு கையிலயும் இருக்கே, எதுக்குக் கத்துது இது?" என்று என் பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள். அங்கே வேலை செய்கிறவர்களில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். லிஃப்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் உங்கள் கைப்பக்கத்திலேயே இருந்தது. பிறகு விருந்தாளிகளோடு நின்ற மேலாளரைப் பார்த்தீர்கள். அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

மேலே யாரோ இறக்கிவிட்டார்கள். ஒரு கீறலும் இல்லை. சாயங்காலம் நீங்கள் அவளுக்குப் பெரிய கேக் வாங்கிக் கொடுத்தீர்கள்.  நான் வாய் திறந்திருந்தால் அந்தக் கடையே திரும்பிப் பார்த்திருக்கும்.

நேற்று நம் கயிற்றில் அவள் விழுந்தாள். அவள் கோட்டின் நுனி கயிற்றில் சிக்கிக்கொண்டது. நான் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இழுபட்டுக்கொண்டே போயிருக்கிறாள். கசீபெக் பார்த்துக் கூச்சல் போட்ட பிறகுதான் நிறுத்தினேன். "ஏண்டி கத்தல?" என்று கேட்டேன். "கத்தினா மட்டும்?" என்றாள்.

 இதற்குப் பதில் எழுதுங்கள். வெந்நீரைப் பற்றி வேண்டாம்.

பெர்மெத்


அல்தின்-சோகு,
ஜனவரி 3

அன்பு பெர்மெத்,

நான் என்ன கல்நெஞ்சனா? பொத்தானை அழுத்தினால் மேலே இருக்கிற அத்தனை பேரும் காற்றில் ஆடிக்கொண்டு தொங்குவார்கள். அன்றைக்கென்று அமைச்சகத்து ஆட்கள் வேறு வந்திருந்தார்கள். நான் சும்மா நிற்கவில்லை. மேலே இருக்கிறவனுக்கு உடனே போன் போட்டு, "சின்னப் பிள்ள தனியா வருது, பிடிச்சுக்கடா" என்று சொன்னேன். பிடித்தானா இல்லையா? அதை நீ பார்க்கவில்லை.

'கையுறை' என்பது நம் மேட்டுப் பேச்சு. இங்கே அது செல்லாது. அவளும் வெளி உலகத்துக்குப் பழக வேண்டாமா? குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். நீதான் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறாய்.

அறைச் சாவி வாங்கிவிட்டேன். இந்த மாத முடிவுக்குள் வராவிட்டால் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். எஞ்சினைக் கசீபெக்கிடம் கொடுத்துவிடு. மூட்டை கட்டு.

உன்
தாலாய்


கிசில்-தோபோ,
ஜனவரி 16

தாலாய்,

நாங்கள் வரவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எஞ்சின் என்னிடமே இருக்கட்டும். இப்போது முதல் இழுப்பிலேயே கிளம்புகிறது.

பெகிமாய் மறக்கவும் இல்லை, நான் ஞாபகப்படுத்தவும் இல்லை. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கயிற்றைப் பிடிக்கவே அவள் மாட்டேன் என்கிறாள். பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தே மேலே ஏறுகிறாள், சறுக்கி வருகிறாள், திரும்ப நடக்கிறாள். 

நேற்று, "நெம்புகோலை நான் பிடிக்கட்டுமா?" என்று வந்து நின்றாள். பெட்டி மேல் ஏற்றிவிட்டு நான் பின்னால் நின்றுகொண்டேன். நல்ல கூட்டம். கயிறு நிறைய ஆட்கள். திடீரென்று நெம்புகோலை இழுத்துவிட்டாள். எல்லாரும் முன்னும் பின்னுமாக மோதிக்கொண்டார்கள். எட்டிப் பார்த்தால், கசீபெக்கின் கிழட்டு நாய் கயிற்றுப் பாதை நடுவில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருக்கிறது.

"விடு புள்ள, அது தானா எழுந்து போவும்!" என்று மேலேயிருந்து கத்தினார்கள். அது சொறிந்து முடித்து, எழுந்து, சோம்பல் முறித்துப் போகும் வரை இவள் கயிற்றை ஓடவிடவில்லை.

"யாருமே கையுறைன்னு கத்தலியேடி, அப்புறம் ஏன் நிறுத்தின?" என்று கேட்டேன்.

"நாய்க்கு அந்த வார்த்தை தெரியாதேம்மா" என்றாள்.

உங்களுக்குத் தெரியும்.

பெர்மெத்