வாய் வழியே போன காற்று

ஜூன் 4

அன்புள்ள வார்டன் அம்மாவுக்கு,

நலம். நீயும் உன் ஹாஸ்டல் பெண்களும் நலமா? போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நாம் முட்டிக்கொள்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

முதலில் ஒன்று: எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் மகள் உன்னைக் கூப்பிட்டுக் கலவரப்படுத்துவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பாங்கில் கேஷியராக இருக்கும் ஓர் அம்மா என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். போன வாரம் அவர் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் இருந்த நான் தூங்கிவிட்டேன். ஆமாம், பட்டப்பகலில். வண்டி நடைபாதையில் ஏறி, ஓர் அறிவிப்புப் பலகையை உரசி நின்றிருக்கிறது. நல்லவேளை, அந்த அம்மாவே பிரேக்கை மிதித்துவிட்டார். "மாஸ்டர்! மாஸ்டர்! அடுத்து என்ன பண்ணணும்?" என்று அவர் அலறியபோதுதான் எனக்குக் கண் திறந்தது. "கிளட்சை அழுத்துங்க" என்றேன். எஞ்சினே அணைந்து கிடந்தது.

முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார். "மாஸ்டர், டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அது வரைக்கும் வண்டி பக்கம் போக வேண்டாம்." இப்போது நான் உள்ளே உட்கார்ந்து, சுவரில் மாட்டிய சாலைக் குறியீடுகளைக் குச்சியால் தொட்டுத் தொட்டுப் பாடம் நடத்துகிறேன்.

டாக்டர், உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். ஒரு மணி நேரத்தில் முப்பது தடவைக்கு மேல். ராத்திரித் தூக்கம் தூக்கமே இல்லையாம், அதனால்தான் பகலில் சாமியாடுகிறேனாம். "நீங்க தூங்கறப்ப பக்கத்துல யாரும் இதைக் கவனிச்சதில்லையா?" என்று கேட்டார். மனைவிக்கு வெளியூரில் வேலை என்று சொன்னேன்.

ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். ரேடியோ அளவுதான் இருக்கும். அதிலிருந்து குழாய் வழியாக மூக்கு மாஸ்க்குக்குக் காற்று வரும். அந்தக் காற்றின் அழுத்தம் தொண்டையை அடைபடாமல் வைத்திருக்குமாம். நல்ல யோசனைதான். ஆனால் நான் தூங்கியதும் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. மூக்கில் நுழைந்த காற்று தொண்டைக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, வாய் வழியே புர்ரென்று வெளியே போய்விடுகிறது. காலையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. எவ்வளவு காற்று கசிந்தது என்பதை மெஷினே கணக்கு வைக்கிறது. கசிவு நிற்காமல் டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார்.

வாயில் டேப் ஒட்டிக்கொண்டு படுத்தால் சரியாகிவிடும் என்று எங்கள் ஆபீஸ் கிளார்க் சொல்கிறார். இன்றைக்கு வாங்கப் போகிறேன். நான் வாய் மூடிக் கிடப்பதைப் பார்க்க நீ இல்லையே என்பதுதான் குறை.

இப்படிக்கு,
மாஸ்டர்


ஜூன் 9

மாஸ்டருக்கு,

நலம். கடிதம் கிடைத்தது.

டேப் ஒட்ட வேண்டாம். வாங்கியிருந்தால் கிழிந்த ரசீதுகளை ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து உங்கள் மூக்கு என்றைக்கு ஒழுங்காகத் திறந்திருந்தது? ஒரு பக்கம் எப்போதும் அடைப்பு, மழை வந்தால் இரண்டு பக்கமும் அடைப்பு. மூக்கும் அடைத்து, வாயையும் ஒட்டிவிட்டால் மூச்சை எதன் வழியாக விடுவீர்கள், காது வழியாகவா? கிளார்க்கைக் கேட்டது போதும், டாக்டரைக் கேளுங்கள். வாய் ஏன் திறக்கிறது? மூக்கில் வழி இல்லாததால் திறக்கிறது. இது தெரிய வார்டன் வேலை பார்க்க வேண்டியதில்லை, முன்வாசல் பூட்டியிருந்தால் பிள்ளைகள் பின்வாசல் வழியாக வரத்தான் செய்வார்கள்.

அந்தக் கேஷியர் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே? அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைக் காணோம்.

இங்கே மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. இரண்டு நாளாக மோட்டாரோடும் மெக்கானிக்கோடும் மல்லுக்கட்டுகிறேன். என் அறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் முற்றம் இருக்கிறது. காலையில் எழுந்தால் எண்பது துண்டுகள் என்னைப் பார்த்துக் கையாட்டுகின்றன. மற்றபடி குறையில்லை.

டாக்டர் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலையும் படித்தேன். மனைவிக்கு வெளியூரில் வேலை. சரிதான்.

இப்படிக்கு,
வார்டன்


ஜூன் 20

அன்புள்ள வார்டன் அம்மாவுக்கு,

டேப் ஒட்டவில்லை. டாக்டரும் உன்னைப் போலவே திட்டினார், ஆனால் கொஞ்சம் மரியாதையாக. கேஷியர் அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மாஸ்டர், எனக்குப் பிரேக் போடத் தெரியும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது" என்றார்.

மூக்குக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். உப்புநீர் விட்டுக் கழுவவும் சொன்னார்கள். மெஷினில் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக வருகிறது. கார் பாட்டரிக்கு ஊற்றுவோமே, அதே டிஸ்டில்ட் வாட்டர்தான். கடைசியில் எனக்கும் வண்டிக்கும் ஒரே சாப்பாடு. நாலைந்து நாளில் மூக்கு திறந்துவிட்டது. திறந்த அன்றைக்கே, ஃபிரிட்ஜில் ஏதோ நாறுவதைக் கண்டுபிடித்தேன். அது எத்தனை நாளாக நாறுகிறதோ!

கசிவு பாதியாகக் குறைந்தது, நிற்கவில்லை. பழகின வாய் திறக்கத்தான் செய்கிறது. அதற்கு ஒரு பட்டை கொடுத்தார்கள். மோவாய்க்குக் கீழே கொடுத்து, உச்சந்தலைக்கு மேலே கொண்டுபோய் இறுக்க வேண்டும். தாடை தொங்காமல் பிடித்துக்கொள்ளுமாம். மாட்டிக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன்.

என் அப்பாவைக் கடைசி நாளில் கிடத்தியிருந்தபோது வாய் திறக்காமலிருக்கத் துணியால் கட்டினார்களே, அந்த முகம் அப்படியே கண்ணாடியில் நின்றது. அதே மூக்கு, அதே மீசை, அதே கட்டு. கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து மெஷினையும் மாட்டவில்லை.

உயிரோடு இருக்கும்போதே எதற்குப் பிணத்துக்குரிய அலங்காரம்? மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். குறியீட்டுப் பாடமே நடத்திக் காலத்தை ஓட்டிவிடலாம். குறட்டை எங்கள் பரம்பரைச் சொத்து. இந்தச் சத்தம் தாங்காமல்தானே நீயும் அந்த ஊருக்குப் போனாய்? அங்கேயாவது நீ நிம்மதியாகத் தூங்குகிறாய் அல்லவா, அது போதும்.

இப்படிக்கு,
மாஸ்டர்


ஜூன் 24

சத்தத்துக்காக நான் வரவில்லை.

சத்தம் இருந்தவரை எனக்குப் பயமே இருந்ததில்லை. உங்கள் குறட்டையில் நான் நன்றாகத் தூங்குவேன். ஓடுகிற பஸ்ஸில் தூங்குகிற மாதிரி. அது நிற்கும்போதுதான் எனக்கு விழிப்பு வரும். இருட்டில் படுத்துக்கொண்டு காத்திருப்பேன். இப்போது வரும், இப்போது வரும் என்று. வராது. உங்கள் நெஞ்சில் கை வைப்பேன். நெஞ்சு மேலே எழும்பத் தவிக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. பிடித்து உலுக்குவேன். நீங்கள் கரையேறினவர் மாதிரி ஒரு மூச்சை இழுத்துவிட்டு, "தூங்கற மனுஷனை எழுப்பறதே உனக்கு வேலையா?" என்பீர்கள். காலையில் டாக்டரிடம் போகலாம் என்றால், "எங்கப்பா எண்பது வயசு வரைக்கும் குறட்டை விட்டாரு" என்பீர்கள்.

மகள் கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டார் வந்து தங்கினார்களே, நினைவிருக்கிறதா? இவருக்கு மூச்சு நின்று போகிறது, நீங்களாவது சொல்லுங்கள் என்று அவர்களிடம் கெஞ்சினேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இவளுக்கு என் மூச்சு மேலயே சந்தேகம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மறுநாள்தான் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டேன்.

கட்டுப் போட்ட அந்த முகத்தை நீங்கள் ஒரு தடவை கண்ணாடியில் பார்த்துவிட்டீர்கள். தாங்கவில்லை. நான் அந்த முகத்தை எத்தனையோ ராத்திரி பார்த்தவள். காலையில் எழுந்து உங்கள் தாடைக்கு நானே கட்ட வேண்டியிருக்குமோ, எந்தத் துணியை எடுப்பது என்றுகூட யோசித்திருக்கிறேன். அது யாருக்குத் தெரியும்?

இங்கே வந்தும் நான் தூங்கவில்லை. அங்கே காவலுக்கு ஆளில்லையே என்று நினைத்துக்கொண்டு விழித்திருக்கிறேன். காரிடாரில் நடக்கிறேன். இந்த வார்டனுக்கு ரொம்பப் பொறுப்பு என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள்.

எனக்காக மாட்டுங்கள் என்று சொல்லப்போவதில்லை. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். பட்டை பிடிக்கவில்லை என்றால் வேண்டாம். வேறு வழி இல்லை என்று டாக்டர் சொன்னாரா, நீங்களே சொல்லிக்கொண்டீர்களா?


ஜூலை 11

அன்பானவளுக்கு,

உடனே பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஏதாவது செய்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். வெறும் வார்த்தையை நம்புகிற நிலையில் நான் உன்னை வைக்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே டாக்டரிடம் போனேன். உட்கார்ந்ததும் சொன்னேன். "அன்னிக்கு நீங்க கேட்டீங்க இல்ல, பக்கத்துல யாரும் கவனிக்கலையான்னு? ஒருத்தங்க கவனிச்சிருக்காங்க டாக்டர். வருஷக்கணக்கா. நான்தான் காது கொடுக்கல." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "அவங்களாலதான் நீங்க இப்ப என் முன்னாடி உட்கார்ந்திருக்கீங்க" என்றார்.

பட்டை வேண்டாம் என்றதும், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க்கை எடுத்தார்கள். வாய் திறந்தால் திறக்கட்டும், காற்று உள்ளேதானே இருக்கும் என்றார்கள். இது முதலிலேயே தெரிந்திருந்தால்! மாஸ்க் மாட்டும் பெண் என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்று பார்த்தாள். உட்கார்ந்திருக்கும்போது பொருந்துவது படுத்தால் பொருந்தாதாம்.

வீட்டுக்கு வந்தால் மறுபடியும் கசிவு. இந்த முறை மேலுதட்டுப் பக்கம். வாரை இழுத்து இழுத்து இறுக்கினேன். மூக்குத்தண்டு சிவந்து புண்ணானதுதான் மிச்சம். திரும்பிப் போய்க் காட்டினேன். அந்தப் பெண் வாரைத் தளர்த்திவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே சார்? மீசைதான் இடிக்குது."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிற மீசை. கொஞ்சம் வெட்டிக்கொள்கிறேன் என்று பேரம் பேசிப் பார்த்தேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நீ சொல்வது காதில் விழுந்தது. சலூனில் உட்கார்ந்து எடுத்துவிடு என்றேன். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா மாஸ்டர்?" என்று கேட்டார். ஆபீஸ் போனால் முதலாளி என்னைப் பார்த்து, "யார் வேணும் சார்?" என்றார். சிரிக்காதே.

இப்போது கசிவு இல்லை. காலையில் நாக்கு நாக்காக இருக்கிறது. மத்தியானம் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவதில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார், திங்கட்கிழமையிலிருந்து வண்டியில் ஏறிவிட்டேன். கேஷியர் அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும், "மாஸ்டர், முழிச்சிட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கை வளைக்கிறார். கேட்கட்டும். எனக்கு அது வேண்டியதுதான்.

ஹாஸ்டலுக்கு லீவு விடும்போது நான்கு நாள் வந்து போகிறாயா? உனக்கு மகள் அறையில் படுக்கை போட்டு வைக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். உன்னை எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை.

உன்,
மீசையில்லாதவன்


ஆகஸ்ட் 19

அன்புள்ளவருக்கு,

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஹாஸ்டல் திறந்த முதல் நாளே மூன்றாம் மாடியில் இரண்டு பெண்களுக்குள் வாளிச் சண்டை.

நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். லீவில் வந்தபோது கதவைத் திறந்த உங்களைப் பார்த்து ஒரு நிமிஷம் வீடு மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். உங்கள் மேலுதட்டில் இடது பக்கம் ஒரு மச்சம் இருக்கிறது. இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியாது. சாப்பிடும்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள் கவனிக்கவில்லை.

முதல் ராத்திரி மகள் அறையில் படுத்தேன். வீடு அமைதியாக இருந்தது. எனக்கு அந்த அமைதிதான் ஆகாதே. எழுந்து உங்கள் அறைக்கு வந்தேன். காற்று போய் வருகிற மெல்லிய சத்தம் மட்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எப்போது நிற்கும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். சும்மா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, குழந்தைக்கு இருக்குமே அந்த மாதிரி. எப்போது சாய்ந்தேன் என்று தெரியாது. விழித்தபோது முகத்தில் வெயில். நீங்கள் டீயோடு நின்றுகொண்டு, "எப்ப இங்க வந்தே?" என்று கேட்டீர்கள். நான் டீயை வாங்கிக்கொண்டேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

கிளம்பும்போது, "எப்ப ஒரேயடியா வரப்போறே?" என்று கேட்டீர்கள் அல்லவா? வரமாட்டேன். கோபமில்லை. பயந்துதான் இந்த வேலைக்கு வந்தேன், ஆனால் இப்போது இது என் வேலை. வாளிச் சண்டையைத் தீர்த்து வைத்தால் அந்தப் பெண்கள் என் தோளில் சாய்ந்துகொள்கிறார்கள். இதை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

ஆனால் இந்த ஊரிலும் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர் தேவை என்று போர்டு போட்டிருக்கிறார்கள். மீசை வேண்டும் என்று எழுதவில்லை.

ஹாஸ்டலுக்குப் பின்தெருவில் மாடியில் இரண்டு வீடு காலி. நேற்றுப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா, "ரெண்டு பேர்தானே? பெட்ரூம் ஒண்ணு உள்ளதா, ரெண்டு உள்ளதா?" என்று கேட்டார். "ஒண்ணு போதும்ங்க" என்றேன். சமையலறை, தண்ணீர் வசதி எல்லாம் அவராகவே காட்டினார். "வேற ஏதாவது பார்க்கணுமா?" என்றார்.

"கட்டில் போடற இடத்துக்குப் பக்கத்துல பிளக் பாயிண்ட் இருக்கான்னு மட்டும் பார்த்துக்கறேன்" என்றேன்.

இருக்கிறது.

உங்கள்,
வார்டன் அம்மா