இன்றைக்கு நடவு இல்லை

அண்ணே,

காலையில் ஒரு பிடி காப்பிக்கொட்டையை நெய்யில் போட்டுப் பொரித்தேன். வீடு முழுக்க மணக்கிறது. என் வீட்டுக்காரர் அடுப்படியை எட்டிப் பார்த்து, "உனக்கும் பித்துப் பிடிச்சிருச்சா?" என்றார். பிடிக்கட்டும். நேற்று நாங்கள் ஜெயித்துவிட்டோம். கொண்டாட நீங்கள் இல்லை, உங்கள் பலகாரமாவது இருக்கட்டும் என்று தோன்றியது.

முதல் தடவை இதை எங்கள் நடவுப் பெண்களுக்குக் கொடுத்தீர்களே, அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கென்யாவில் பல வருஷம் சுற்றுலா வண்டி ஓட்டிவிட்டு முத்துப்பேட்டைக்குத் திரும்பியிருந்தீர்கள். அங்கே வடக்கே போரானா என்று ஆடு, மாடு, ஒட்டகம் மேய்க்கிற சனம் இருக்கிறது, அவர்களே தங்கள் ஊரை விருந்தாளிகளுக்குத் திறந்து வைத்து நடத்துகிறார்கள், வீடு கட்டுவதுகூடப் பெண்கள்தான், வருகிறவருக்கு வெண்ணெயில் பொரித்த காப்பிக்கொட்டை கொடுப்பார்கள் என்று கதை கதையாகச் சொன்னீர்கள். சாந்தா ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பினாள். "இதுக்கா அண்ணே கடல் தாண்டிப் போனீங்க?" என்றாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நீங்கள்தான்.

"அவங்க ஊரை அவங்களே காட்டுறாங்க. உங்க ஊரை நீங்க காட்டக் கூடாதா தங்கச்சி?" இதைக் கேட்டுக் கேட்டே என்னை இழுத்துவிட்டீர்கள்.

அந்தப் புரட்டாசியில் உங்கள் வேனில் முதல் கூட்டம் வந்து இறங்கியது. வரப்பில் புது ஆள் வந்தால் நாற்று முடியைக் குறுக்கே வைத்து வழி மறிப்பது எங்கள் வழக்கம். மறித்தோம். வந்தவர்கள் எல்லாரும் சேற்றில் இறங்கி ஆளுக்கு நாலு நாற்று நட்ட பிறகுதான் விட்டோம். உங்களையும் விடவில்லை. வெள்ளைச் சட்டையோடு முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, "அடப் பாவிகளா, நான் டிரைவர்!" என்று கத்தினீர்கள்.

அடுத்த சித்திரையில்தான் நமக்குள் சண்டை வந்தது. வயல் வெடித்துக் கிடந்தது. நம்முடையது கடைமடை, ஆற்றுத் தண்ணீரைத் தவிர வேறு கதி இல்லை, போர் போட்டால் உப்புதான் வரும். வந்தவர்கள் நடவு பார்க்க வேண்டும் என்றார்கள். குளத்துத் தண்ணீரை இறைத்து ஒரு மூலையைச் சேறாக்கி நட்டுக் காட்டலாம் என்றேன். நீங்கள் எரிந்து விழுந்தீர்கள். "இன்னைக்கு நடவு காட்டுவீங்க. நாளைக்கு ஒப்பாரி வைக்கச் சொல்வான். அழுவீங்களா?"

எனக்கும் கோபம் வந்தது. "வயல் காயுற மாசத்துல எங்க வயிறு காயாதா அண்ணே?" என்றேன். அப்போதுதான் அந்தப் போரானா ஊரில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னீர்கள். "வண்டி நிறைய ஆளோட போனேன். ஊருக்குள்ள ஒரு சாவு. வேலிகிட்டயே நிறுத்தி, இன்னைக்கு இல்ல, போயிட்டு வாங்கன்னுட்டாங்க. எனக்கு வந்த ஆத்திரம்! திரும்பி வர்ற வழியிலதான் புரிஞ்சுது. அது அவங்க ஊரு."

அன்றைக்கு உட்கார்ந்து பேசினோம். தையில் அறுப்பு, பங்குனியில் உளுந்து பிடுங்குவது, கோடையில் வயலில் போடுகிற ஆட்டுக்கிடை, எல்லா மாசமும் சாப்பாடு. அந்தந்த மாசத்தில் என்ன உண்டோ அதைக் காட்டுவது என்று முடிவானது. அதில்தான் எங்கள் அடுப்பு வருஷம் முழுக்க எரிகிறது.

ஐப்பசி மழையில் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். சேறு காயாத காலோடு நடவுப் பெண்கள் அத்தனை பேரும் உங்கள் வாசலில் வந்து நின்று அழுதோம். அண்ணி என் கையை விடவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு பெரிய சுற்றுலாக் கம்பெனி வந்தது. தினமும் நடவு காட்ட வேண்டும், எல்லாருக்கும் ஒரே நிறச் சேலை, மாசச் சம்பளம். ஊர் ஆம்பளைகள் பாதிப் பேருக்கு வாயில் எச்சில் ஊறியது. நாங்கள் பிடி கொடுக்கவில்லை. நேரில் வந்தால் மறுக்க மாட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, நேற்று, இந்த வைகாசி வெயிலில், கம்பெனி மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பஸ் நிறைய ஆட்களோடு வந்து நின்றார்.

சாலையில் போய் நின்று கும்பிட்டேன். "இன்னைக்கு நடவு இல்லீங்க. வாங்க, சாப்பிடுங்க."

"நடவு இல்லைன்னா இனிமே இந்த ஊருக்கு ஒரு பஸ்ஸும் வராதும்மா. நாங்க வேற ஊர் பாத்துக்குவோம்."

பயந்துவிட்டேன் அண்ணே, பொய் சொல்லக் கூடாது. நாலு வீட்டு அடுப்பை நானே அணைத்துவிடுவேனோ என்று தோன்றியது. பின்னாலிருந்து சாந்தா, "பாத்துக்குங்க சார். அதுக்கு முன்னால கையைக் கழுவுங்க, கொழம்பு ஆறுது" என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்கள் இறங்கினார்கள். மாங்காய் போட்ட மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, காய்ந்த வயலில் எதற்கு ஆடுகளை அடைத்திருக்கிறீர்கள் என்று ஆடு மேய்க்கிற கீதாரியைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். ஆட்டுப் புழுக்கைதான் அடுத்த போகத்துக்கு உரம் என்று அவர் சொன்னதும் ஒரு அம்மா நோட்டை எடுத்துப் படம் வரைய உட்கார்ந்துவிட்டார். பொழுது சாயும்வரை யாரும் பஸ் ஏறவில்லை. மேனேஜர் இரண்டாம் தடவை சோறு வாங்கினார்.

சாயங்காலம் அவரே போன் செய்தார். "எங்க ஆளுங்க நிஜ நடவுக்கே வர்றோம்கிறாங்கம்மா. தேதியை நீங்களே சொல்லுங்க."

"மேட்டூர் அணையில தண்ணி திறந்து, அது எங்க வாய்க்காலுக்கு வந்து சேரட்டும் சார். சொல்றேன்."

"சரிங்கம்மா" என்றார். என்னைச் சுற்றி நின்றவர்கள் விட்ட குலவை முத்துப்பேட்டைவரைக்கும் கேட்டிருக்கும்.

வாசலில் வந்து நிற்பவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே கிடையாது. இப்போது வருகிறது. சோற்றைப் போட்டுவிட்டு, முகத்தில் சிரிப்போடு, இன்றைக்கு இல்லை என்று சொல்கிறேன். நீங்கள் கொடுத்துவிட்டுப் போனதில் நான் பத்திரமாக வைத்திருப்பது இதைத்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டுவிட்டார் அண்ணே. "அம்மா, அணையில இப்ப எத்தனை அடி தண்ணி இருக்கு?" என்று கேட்கிறார்.