பதின்மூன்று சின்னக் கட்டம்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், சட்டையைக்கூடத் தேய்த்துத்தான் போடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று எப்போதும் ஒரு வரியில் கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன், இந்தத் தடவை அந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை பக்கமும். பேப்பரில் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, உன் அறைத்தோழி கொட்டாவியின் போனுக்கு அனுப்புகிறேன். உன்னைத் தட்டி எழுப்பக் கூடாது, நீயாக எழுந்து பல் தேய்த்து உட்கார்ந்த பிறகு கொடுத்தால் போதும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். மகளுக்கு எழுதுவதை ஊரான் பிள்ளையின் போனுக்கு அனுப்புவானேன் என்று உனக்குக் கோபம் வரும். காரணம் இருக்கிறது, படித்துக்கொண்டே போ. பதற்றப்படாமல் படி, உனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, ஆகாமல் இருக்கத்தான் எழுதுகிறேன்.

அம்மா போனபிறகு இந்த எட்டு மாதமாக வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் சாவி கொடுத்த பொம்மை மாதிரி போய்வந்துகொண்டிருந்த என்னை நீயும் சித்தியும் சேர்ந்து துரத்தாத குறையாக இந்தக் கடற்கரைக்கு அனுப்பினீர்கள். வந்து ஆறு நாள் ஆகிறது. லாட்ஜ் அறையில் திரையை இழுத்து மூடினாலும் சுவரெல்லாம் வெளிச்சம் ஆடுகிறது, அப்படி ஒரு வெயில். மூன்று வருடத்துக்கு முன்னால் உன் அம்மாவும் சித்தியும் இங்கே வந்தபோது எங்கெங்கே போனார்கள் என்று சித்தி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள், அக்கா சிரிச்ச இடமெல்லாம் இதுல இருக்கு மாமா, வரிசையாப் போய்ட்டு வாங்க என்றாள். நானும் பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி தாளை வைத்துக்கொண்டு போனேன். மணலில் குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவரிடம் ஒரு நாற்காலி கேட்டால், ஒத்தையாக் கிடையாது சார், ரெண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கு, ஜோடியாத்தான் எடுக்கணும் என்றார். எடுத்தேன். இன்னொன்றில் பையை வைத்தேன். பக்கத்துக் குடைக்காரர் யாருக்கு சார் எடம் புடிச்சு வச்சிருக்கீங்க என்று கேட்டார், பைக்கு என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். தண்ணீரில் ஒரே கூச்சல், படகுக்காரர்கள் கூப்பிடுகிற சத்தம், குழந்தைகள். நாலு நாளைக்கு மேல் என்னால் முடியவில்லை.

தாளில் கடைசி வரி, உள்ளே ஒரு கிராமம், அக்கா மட்டும் தனியாப் போனா என்று இருந்தது. சித்திக்கு வளைந்து வளைந்து போகிற பஸ் ஆகாது, அதனால் அன்றைக்கு அவள் மணலிலேயே தங்கிவிட்டாளாம். முந்தாநாள் காலையில் நான் அந்த பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் என் தொப்பியைப் பார்த்துவிட்டு, கடல் அந்தாண்ட இருக்கு சார், எல்லாரும் அங்க போறாங்க, நீங்க எங்க இங்க என்றார். அரை மணி நேரத்தில் கடல் காற்று நின்றுவிடுகிறது. பிறகு சின்னச் சின்ன ஊராக வருகிறது, மதியத்துக்கு முன்பே ஜன்னல்களைச் சாத்திவிடுகிறார்கள், தெருவில் நம் காலடி நமக்கே கேட்கிறது, ஒரு ரொட்டிக் கடை, ஒரு சைக்கிள் கடை, அவ்வளவுதான். உன் அம்மாவுக்கு ஏன் பிடித்தது என்று புரிந்தது. தாளில் இருந்தது மூன்றாவது ஊர், இறங்கி நடந்தேன், ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் நிழலில் ஒரு பெஞ்சு கிடந்தது, உட்கார்ந்தேன். உள்ளே ஒரு நர்சம்மா இ.சி.ஜி. மெஷினைப் பட் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் எங்கள் கம்பெனி மெஷின், பழைய மாடல். அடிக்காதீங்கம்மா, உருளைல பேப்பர் கோணலா மாட்டியிருக்கு, நான் இதைத்தான் சர்வீஸ் பண்றேன் என்று உள்ளே போனேன். அந்தம்மா, அடிச்சாத்தான் இது கேக்கும், என் வீட்டு ஆளு மாதிரி என்றார். பேப்பரை எடுத்து நேராக மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு அம்மா இங்க வந்து, தன் வீட்டுக்காரரும் இந்த மெஷின்தான் ரிப்பேர் பாக்கறாருன்னு சொன்னாங்க, மூணு வருஷம் இருக்கும், கன்னத்துல மச்சம், வாயைத் தொறந்தா கிண்டல், உங்க கம்பெனி ஆளு வீட்டம்மாவாத்தான் இருக்கும், உங்களுக்குத் தெரியுமா என்றார். நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். இவங்களேதான், பெரிய டாக்டர்கிட்ட காட்டினாங்களா, மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறாங்களா என்று கேட்டார். என்ன மாத்திரை என்று நான் கேட்டேன்.

வாலு, உன் அம்மா அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாளாம். எதிரே கல் உடைக்கிற ஆலை, பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும். சங்கு ஊதிய அடுத்த நொடி சரிந்து கீழே விழுந்திருக்கிறாள். உள்ளே தூக்கிப்போய்ப் படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்திருக்கிறார்கள். டாக்டர் அந்தப் பேப்பரிலேயே, உடனே இதய டாக்டரைப் பார்க்கவும் என்று எழுதிக் கொடுத்தாராம். எழுந்து உட்கார்ந்து உன் அம்மா சொன்னதை நர்சம்மா அப்படியே சொல்லிக் காட்டினார், எங்க வீட்ல ஒரு மெஷின் டாக்டர் இருக்காரு, அவரு பாத்தா உங்க மெஷினைத்தான் திட்டுவாரு. அவர்கள் ஒரு நகலை ரிஜிஸ்டரில் ஒட்டி வைத்திருந்தார்கள், எடுத்துக் காட்டினார். நான் சின்னக் கட்டங்களை எண்ணினேன். துடிப்பு ஆரம்பிக்கிற இடத்திலிருந்து அடங்குகிற இடம் வரைக்கும், அவளுடைய நாடி வேகத்துக்குப் பத்துக் கட்டத்தில் முடிந்திருக்க வேண்டும். பதின்மூன்று இருந்தது. நான் பேனா முனையை வைத்து நாலு தடவை எண்ணினேன்.

அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பேப்பரை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அம்மாவும் சித்தியும் இங்கிருந்து வீடு திரும்பிய வாரம், நான் சமையலறைத் தரையில் மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன், உன் அம்மா ஒரு துண்டுப் பேப்பரைக் கொண்டுவந்து, ஆபீஸ்ல ஒருத்திக்கு எடுத்தது, கொஞ்சம் பாருங்க மெஷின் டாக்டர் என்றாள். பெயரும் டாக்டர் எழுதியதும் இருந்த பக்கத்தைக் கத்தரித்திருக்கிறாள், எனக்கு அது அப்போது தோன்றவில்லை. எங்க எடுத்தது என்று கேட்டேன், ஏதோ கிராமத்து சென்டர்ல என்றாள். நான் கையில் வாங்கக்கூட இல்லை. அந்த மாதிரி எடத்துல பேப்பர் ஓடற வேகமே சரியா இருக்காது, மெஷின் கோளாறு, அவங்களை வீணாப் பயப்பட வேணாம்னு சொல்லு என்றேன். சொல்லிடறேன் என்று போய்விட்டாள். கோளாறு மெஷினிலா ஆளிலா என்று முதலில் தெரிந்துகொள்வோம், பிறகு தன்னுடையது என்று சொல்லலாம் என்று நினைத்திருப்பாள். உன் அம்மா என்னை எல்லாவற்றிலும் கேலி செய்வாள், என் நடையை, என் சமையலை, நான் பாடுவதை. மெஷின் விஷயத்தில் மட்டும் நான் சொன்னால் மறுபேச்சு பேசியதில்லை.

நான் அந்த மெஷினைச் சோதித்தேன். நர்சம்மாவிடம் ஸ்கேல் வாங்கி, பத்து வினாடி ஓடவிட்டு அளந்தேன். இருநூற்றைம்பது மில்லிமீட்டர் வர வேண்டும், இருநூற்றைம்பது வந்தது. இன்னொரு தடவையும் அதுவே வந்தது. அதே நாளில் எடுத்த வேறு இரண்டு பேருடைய பேப்பர் ரிஜிஸ்டரில் இருந்தது, இரண்டும் சுத்தமாக இருந்தன. அந்த மெஷினை மூன்று வருடமாக எவனும் வந்து பார்த்ததில்லையாம், ஆனால் ஒரு குறை சொல்ல முடியவில்லை. குறை கிடைக்காதா என்று நான் மத்தியானம் முழுக்கத் தேடினேன். நர்சம்மா, மெஷின் நல்லாத்தான் இருக்கு, நீங்க முதல்ல தண்ணி குடிங்க என்று டம்ளரைக் கையில் திணித்தார்.

நேற்று அங்கே டாக்டர் வருகிற நாள், திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். இப்போது இருப்பவர் சின்ன வயசு, பெண் டாக்டர், சுற்றி வளைக்காமல் பேசினார். துடிப்பு அடங்க இப்படி லேட்டாகறது பரம்பரையா வர்றது சார், பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, தெரிஞ்சுட்டா பெரும்பாலும் மாத்திரையிலேயே நல்லா இருக்கலாம், தெரியாம இருக்கறதுதான் ஆபத்து, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா என்றார். ஒரே பொண்ணு என்றேன். திடீர் சத்தம், அதுவும் தூக்கத்தில் இருக்கும்போது, இவர்களுக்கு ஆகாது என்றும் சொன்னார். உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அம்மா போன அன்றைக்கு மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று சொன்னேன், அது நிஜம். அவள் தலையணைக்குப் பக்கத்தில் போன் இருந்தது, அது அடித்தது. அடித்தது நான்தான். கடையில் நின்றுகொண்டு, மாடிப்படி பல்பு திருகுற மாடலா, பின் மாடலா என்று கேட்பதற்காக. எடுக்கவில்லை, தூங்குகிறாள் என்று நினைத்து இரண்டு மாடலிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு வந்தேன். அதனால்தான் போனார்கள் என்று யாராலும் உறுதியாச் சொல்ல முடியாது சார் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். சரி என்றேன். உனக்கு ஏன் போன் செய்யவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். உன் பெயரை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், விரல் அந்தப் பச்சைப் பொத்தானுக்குப் போகமாட்டேன் என்கிறது. முந்தாநாளே எழுதியிருக்க வேண்டும், ஒரு டாக்டர் வாயால் கேட்காமல் உன்னைக் கலங்கடிக்க மனசு வரவில்லை.

பன்னிரண்டு வயதில் நீ பள்ளிக்கூடத்தில் விழுந்தாயே, தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தபோது. காலையில் சாப்பிடாமல் போனதால் என்று உன் அம்மா திட்டினாள், கணக்குப் பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறது வாலு என்று நான் சொன்னேன். சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அதனால் நீ இன்றைக்கே, வகுப்பு எது இருந்தாலும் விட்டுவிட்டு, கொட்டாவியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இதய டாக்டரிடம் போ. கடைசிப் பக்கத்தில் அம்மாவின் பேப்பரைப் படமெடுத்து வைத்திருக்கிறேன், அதைக் காட்டு. அம்மா நாற்பது வயதில் தூக்கத்தில் போய்விட்டாள், நான் பன்னிரண்டில் மணிச் சத்தத்தில் விழுந்தேன் என்று இரண்டையும் சொல்லு, வெட்கப்படாமல் சொல்லு. ஒரு தடவை எடுத்துச் சரியாக இருக்கிறது என்று வந்தாலும் அதோடு விடக் கூடாதாம், மேற்கொண்டு பார்க்கச் சொல்ல வேண்டுமாம். அதுவரை சளி, காய்ச்சல் என்று நீயாக எந்த மாத்திரையும் வாங்கிப் போடாதே, நீச்சல் குளத்துக்குப் போகாதே, அலாரத்தை இப்போதே எடுத்துவிடு, திரையைத் திறந்துவைத்துத் தூங்கு, வெளிச்சம் எழுப்பட்டும். இன்று காலையில் சித்தி அவளாகவே போன் செய்தாள், அப்போது சொன்னேன், நீங்கதான் எனக்கு இதயமே இல்லம்பீங்களே மாமா என்று ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை அவளால். இன்றைக்கே பரிசோதனைக்குப் போகிறாள். நானும் கிளம்பிவிட்டேன், நாளை மறுநாள் அங்கே இருப்பேன், வந்து கதவை மெதுவாகத் தட்டுகிறேன்.

நல்லா இரு கண்ணு, நூறு வருஷம் இரு, என்னைவிட எத்தனையோ வருஷம் அதிகமாக இரு, எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதே. உனக்கு எடுக்கிற பேப்பரை எனக்கு அனுப்பாதே, நான் வந்து கேட்டாலும் காட்டாதே, டாக்டர் சொல்வதை மட்டும் கேள். உன்னுடையது என்று தெரிந்தால் நான் மறுபடியும் மெஷின் கோளாறு என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா