செலோடேப் ஒட்டிய கேசட்டுகள்

லேபர் கேம்ப், மாட்டுங்கா,
பம்பாய்.
நவம்பர் 1987

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மேலே எழுதியிருக்கும் முகவரி தவறல்ல. நான் இப்போது தாராவியில் உங்கள் அண்ணன் வீட்டில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, துரத்தவில்லை. நானாக வந்துவிட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள், பாதியில் களைத்துப்போய் ரூமில் இருக்கிற யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். உங்களுக்காகத்தான் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். எத்தனை நாள் ஆனாலும் நீங்களே படியுங்கள். நாம் பேசியதை ஊரே உட்கார்ந்து கேட்டது போதும்.

கேசட்டில் பேசி அனுப்பாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். பேசித்தான் பார்த்தேன். போன மாதம் உங்களுக்கு வந்த கேசட்டில் உங்கள் அண்ணன், பெரிய மச்சான் பேசியிருப்பார், மெஹராஜ் மைனி பேசியிருப்பார், பிள்ளைகள் சலாம் சொல்லியிருப்பார்கள். கடைசியில் என் முறை வரும் இடத்தில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல் கேட்டிருக்கும். அந்த இரைச்சல் நான்தான். நான் பேசியதைப் பெரிய மச்சான் அழித்துவிட்டார். அதைத்தான் இப்போது எழுதப்போகிறேன், காகிதத்தை அவரால் அழிக்க முடியாது.

நம் கல்யாணம் முடிந்து நீங்கள் அரபு நாட்டுக்கு, மனாமா போனதிலிருந்து எத்தனை குடும்பக் கேசட் வந்திருக்கிறது. வந்ததும் அண்ணனின் தோல் பைப் பட்டறையை நிறுத்திவிட்டு எல்லாரும் கூடுவார்கள். முதலில் அண்ணனுக்கு சலாம், பிறகு மைனிக்கு, பிறகு தெருவில் யார் யாருக்கோ. "சாயிரா, நல்லா இருக்கியா, அண்ணன் சொல்படி நட" என்று எனக்கு ஒரு வரி வரும்போது எல்லாரும் அடுப்படி வாசலில் நிற்கும் என் முகத்தைப் பார்ப்பார்கள். பதில் பேசும்போதும் அப்படித்தான். "நான் சுகம், உடம்பப் பாத்துக்கிடுங்க." அதற்கு மேல் புருசனிடம் எதைப் பேச முடியும், மூத்தார் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு நிற்கும்போது?

அதனால்தான் நீங்கள் அந்த வழியைக் கண்டுபிடித்தீர்கள். நல்ல வழிதான், குறை சொல்லவில்லை. கேசட் கடையில் வேலை பார்க்கிறவருக்கு வேறு எது தோன்றும்? அந்த இங்கிலாந்துக்காரருடைய பாட்டு கேசட்டுகளை முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாக, ஊருக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தனுப்பினீர்கள். அவர் பெயர் என் வாயில் நுழையவில்லை. கரகரத் துரை என்று வைத்துக்கொண்டேன். நம் வீட்டில் இங்கிலீஷ் பாட்டு கேட்கிற ஆள் கிடையாது, அதனால் யாரும் தொடமாட்டார்கள். இரண்டாம் பக்கத்தில் பாட்டு முடிந்து நாடா மிச்சமிருக்கும் இடத்தில் நீங்கள் எனக்காகப் பேசியிருப்பீர்கள். கேசட்டின் முதுகில் இருக்கும் ஓட்டையில் செலோடேப் ஒட்டினால்தான் அதில் பதிவு செய்ய முடியும் என்பதை நானே கண்டுபிடித்தேன். செலோடேப் ஒட்டியிருந்தால் உள்ளே நீங்கள் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆனால் ஒன்று தெரியுமா? நாடாவை வேகமாக ஓட்டிவிட்டு நேராகக் கடைசிக்குப் போக எனக்கு மனம் வந்ததில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டுத்தான் உங்களிடம் வருவேன். அப்படியே அந்த ஆளும் பழகிவிட்டார். முதல் இரண்டு மூன்று ஆல்பத்தில் அவரைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். பியானோவும் டிரம்மும் முன்னால் நிற்கும், அவர் கல்யாண வீட்டில் சாப்பாடு கிடைக்காத ஆள் மாதிரி பின்னால் நிற்பார். கம்பெனிக்காரன் அவரை எப்படி விற்க நினைத்தானோ அப்படிச் செய்யவைத்தான் என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். ஐந்தாவதுக்குப் பிறகுதான் கிதார் முன்னால் வந்தது, கம்பியின் மேல் கண்ணாடிக் குழாயை வழுக்கவிட்டு அழுகிற மாதிரி வாசிப்பாரே, அது. பருத்திக் காட்டில் அடிபட்ட கறுப்பு ஜனங்களின் பாட்டிலிருந்து வந்ததாம். அடிபட்டவர் ஒருத்தர், கேசட் விற்றுச் சாப்பிடுகிறவர் வேறொருத்தர். எங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது. ஆனாலும் அந்தக் கிதார் எனக்குப் பிடிக்கும். அதை மறைக்கப்போவதில்லை.

எட்டாவதில்தான் நீங்கள் தனியாக ரூம் பார்க்கச் சொன்னீர்கள். அண்ணன் பட்டறை ஆட்கள் அத்தனை பேருக்கும் நான் மூன்று வேளை ஆக்கிப்போடுவது உங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது, லீவில் வரும்போது அண்ணனிடம் நீங்களே பேசிக்கொள்வீர்கள் என்றீர்கள். அந்தக் கேசட்டை எத்தனை முறை கேட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அதன் பிறகு மாவு பிசையும்போதெல்லாம் எனக்கு ஒரு ரூம் தெரிந்தது. இரண்டு பேருக்கு மட்டும் சோறு வேகிற ஒரு சின்னப் பானை தெரிந்தது.

ஒன்பதாவது கேசட்டைக் கரீம் பாட்சா கொண்டுவந்த அன்றைக்கு நான் ரேஷன் வரிசையில் நின்றேன். பார்சலை அவர் பெரிய மச்சானிடம் கொடுத்துவிட்டார். அன்றைக்குக் கொலாபாவில் கடை வைத்திருக்கும் ஒரு சேட் தோல் பை பார்க்க வருவதாக இருந்தது. பட்டறைக்குப் புது ஸ்பீக்கர் வாங்கியிருந்தார் இல்லையா, இங்கிலீஷ் பாட்டுப் போட்டால் சேட் மதிப்பார் என்று உங்கள் அண்ணனுக்கு ஒரு யோசனை. நான் திரும்பி வந்து அடுப்படிக்குள் போனபோதே முதல் பக்கம் ஓடி முடிந்து இரண்டாம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சேட் தலையை ஆட்டி ரசிக்கிறார், பெரிய மச்சான் தானே கிதார் வாசித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நிறுத்தச் சொல்லி நான் எப்படிப் போய்ச் சொல்வேன்? சோற்றுப் பானையைச் சரித்து வடித்துக்கொண்டே, இந்த ஒரு தடவை செலோடேப் ஒட்டாமல் இருந்திருக்க வேண்டும் என்று துஆ செய்தேன்.

பாட்டு முடிந்தது. கொஞ்சம் இரைச்சல். பிறகு, "சாயிரா, ரூம் பாத்தியா? அண்ணன்கிட்ட மூச்சு விட்றாத. அவரு பட்டறைக்கு ஆக்கிப்போட்டு நீ கெட்டது போதும்" என்று நீங்கள் பட்டறை முழுக்கக் கேட்கப் பேசினீர்கள். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மெஷினில் உட்கார்ந்திருந்த செல்லப்பாண்டி அண்ணன் மட்டும், "ஏ, துரைக்குத் தமிழும் வருது டோய்" என்று சொல்லிவிட்டு, பெரிய மச்சான் முகத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். இது யார் குரல் என்று சேட் இந்தியில் கேட்டார்.

சேட் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவர்கள் சொன்ன விதத்தில். "ஒரு மனுசன் பொண்டாட்டிகிட்டப் பேச ஒரு வெள்ளக்காரன வாடகைக்குப் புடிச்சிருக்காரே" என்று மைனி சிரித்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு வந்தது. "என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எனக்கே குழி வெட்டுதியா" என்று பெரிய மச்சான் என்னிடம் கேட்டார். அந்தச் சோற்றை ஆக்கியது யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். அதுதான் நான் செய்த ஒரே மரியாதைக் குறைவு. அதை இன்னொரு முறையும் கேட்பேன்.

அதெல்லாம் என்னைச் சுடவில்லை. பிறகு வந்த உங்கள் குடும்பக் கேசட்தான் சுட்டது. வழக்கம்போல் எல்லாரும் கூடினார்கள், இந்த முறை அண்டை வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். "அண்ணன் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. ஏதோ வெளையாட்டுக்குச் சொன்னது. சாயிரா கடையநல்லூருக்குப் போயி உம்மாகூட இருக்கட்டும். டேப்பையும் பாட்டுக் கேசட்டையும் அண்ணன்கிட்டக் குடுத்துரட்டும்" என்றீர்கள். குரல் உங்களுடையதுதான். ஆனால் முதல் ஆல்பத்துக் கரகரத் துரை மாதிரி, உங்களை அதில் தேட வேண்டியிருந்தது.

உங்களுக்கு விசா வாங்கித் தந்தது அவர் என்பதை நான் மறக்கவில்லை. நீங்கள் எவ்வளவு பயந்து பேசினீர்கள் என்பதும் தெரிகிறது. ஆனால் நான் கடையநல்லூர் போகமாட்டேன். பதில் பதியும்போது இதைத்தான் சொன்னேன்: "நான் ஊருக்குப் போகல. வெளையாட்டுக்குச் சொன்னேன்னு நீங்க சொன்னது பொய். எட்டாவது கேசட்ல உங்க சத்தத்துல வெளையாட்டு இல்ல." அதற்குள் பெரிய மச்சான் டக்கென்று நிறுத்திவிட்டார். கடையநல்லூரில் தெருவுக்குத் தெரு அரபு நாட்டுக்காரன் பெண்டாட்டிகள் நைலக்ஸ் சேலையும் செண்டு பாட்டிலும் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்று தபால்காரனை எட்டிப் பார்த்தே கிழவியாகிறார்கள். உங்கள் உம்மா, மாமி நல்லவர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு சாமானை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தூக்கி வைக்கிற மாதிரி என்னை வைக்க முடியாது.

மறுநாளே கிளம்பிவிட்டேன். கேசட்டுகளை வைத்துவிட்டுப் போ, அதில் பள்ளிவாசலில் பேசுகிற பயான் பதிந்துகொள்ளலாம் என்று பெரிய மச்சான் சொன்னார். பயான் கேட்க எனக்கும் விருப்பம்தான், அதற்குப் புதுக் கேசட் வாங்கட்டும் என்றேன். ஒன்பதாவதை அவரே வைத்திருக்கிறார், அதில் உங்கள் பேச்சை அழித்தாயிற்று. மற்ற எட்டும் என்னிடம். அன்றைக்கே உட்கார்ந்து எட்டிலும் செலோடேப்பை நகத்தால் உரித்துப் போட்டுவிட்டேன். இனி யார் சிவப்புப் பட்டனை அழுத்தினாலும் இறங்காது. நீங்கள் எனக்குச் சொன்னது சொன்னதுதான். நீங்களே வந்து அழித்தாலும் அழியாது.

இங்கே முப்பிடாதியம்மாள் அத்தையோடு இருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. வாஷியில் என் தம்பி வீட்டில் இருக்கும் என் உம்மாவிடம் போயிருக்கலாம், ஆனால் உம்மாவே அங்கே அடுப்படியில்தான் படுக்கிறார். செல்லப்பாண்டி அண்ணன் டேப்பைத் தலையில் தூக்கிவந்து கொடுத்தார், அதற்கு மறுநாள் திட்டு வாங்கியிருக்கிறார். பக்கத்தில் ஒரு பட்டறையில் பைக்கு உள்துணி தைக்கிறேன். உங்கள் அண்ணன் பட்டறையில் கூலியில்லாமல் கை உதவியாகச் செய்த அதே வேலைதான், இங்கே சனிக்கிழமை கூலி தருகிறார்கள். ஓவர்லாக் மெஷினும் பழகிவிட்டேன். செம்பூர்ப் பக்கம் ஒரு ரூம் பார்த்து வைத்திருக்கிறேன். ஜன்னல் சின்னது, தண்ணீர் காலையில் மட்டும். பானை வாங்கிவிட்டேன்.

நேற்று ஏழாவது ஆல்பத்தைப் போட்டிருந்தேன். "இந்த ஆளுக்கு என்ன சளியா? சுக்கு தட்டிப்போட்டுக் குடிக்கச் சொல்லு" என்றார் அத்தை. பிறகு பாட்டு முடிந்து உங்கள் குரல் வந்ததும் அவராகவே எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். நம் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றாத மரியாதை.

இப்போது நான் கேட்க நினைத்ததைக் கேட்கிறேன். ஆறாவது ஆல்பம் நீளம். பாட்டெல்லாம் பெரிய பாட்டு, நாடாவில் உங்களுக்கு இடமே மிஞ்சவில்லை. "சாயிரா, நான்" என்று ஆரம்பித்தீர்கள், நாடா முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவற்றில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேசியது பதிவாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். குடும்பக் கேசட்டில் நான் எப்படிக் கேட்பேன்? கேட்காமலே இத்தனை நாள், அந்த 'நான்' என்பதற்குப் பின்னால் எதை எதையோ நானே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதை முடித்துச் சொல்லுங்கள். ஆனால் துரையின் பாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வேண்டாம். அடுத்த குடும்பக் கேசட்டில், அண்ணனுக்கு சலாம் சொல்வதற்கு முன்னால், முதல் வார்த்தையாக என் பெயரைச் சொல்லி, அதைச் சொல்லுங்கள். என்னவாக இருந்தாலும் சரி. அன்றைக்கு நான் தாராவிக்குப் போய் பட்டறை நடுவில் எல்லாருக்கும் முன்னால் நின்று கேட்பேன், அடுப்படி வாசலில் நிற்கமாட்டேன். உங்களுக்கு அது முடியாது என்றால் பத்தாவது ஆல்பத்தைச் செலோடேப் ஒட்டாமல் அனுப்புங்கள். பாட்டை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், கிதார் நன்றாகத்தான் இருக்கும்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்கள் குரலை நான் எப்போதும் டேப்பில் காதை ஒட்டி, சத்தத்தைக் குறைத்துத்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் புது ஸ்பீக்கரில்தான் முதல்முறையாக முழுசாகக் கேட்டேன். நல்ல கணீரென்ற குரல் மச்சான் உங்களுக்கு. மெஷின்களே நின்றுவிட்டன.

குளிர் ஆரம்பித்திருக்கும், ஏசி ரூமில் தலையை நனைத்துக்கொண்டு படுக்காதீர்கள். அல்லாஹ் உங்கள் தொண்டைக்கு வலுவைக் கொடுக்கட்டும்.

உங்கள்,
சாயிரா