ஓரத்தில் பென்சில்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நான் சொல்லாமல் விட்டது: "அந்த எழுத்தர் என் அப்பா."

சொல்ல இடம் இருந்தது. முன்னாள் மேயர் சாய்வு நாற்காலியில் கண்ணாடியைத் துடைத்தபடி, எழுதப்போகும் பதவிக்கால நினைவுகளின் அத்தியாயங்களை விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது, பெண்கள் விடுதி இடிந்தது. "முப்பத்தோரு பொண்ணுங்க. ரிப்போர்ட் வந்திருக்கு, கிளார்க் ஒருத்தன் டிராயர்ல வச்சுப் பூட்டிட்டு உக்காந்திருக்கான். எழுதிக்கோம்மா."

எழுதிக்கொண்டேன். அவர் பேசுவதைப் படிக்கத் தகுந்த வாக்கியங்களாக ஆக்கத்தான் பதிப்பகம் என்னை அனுப்பியிருக்கிறது. யாருடைய மகள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. 'உக்காந்திருக்கான்' என்பதை 'உட்கார்ந்திருந்தார்' என்று மாற்றினேன். இன்றைய என் வீரம் அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

வீட்டில் சொல்லிவிட்டேன்.

அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்தப் பொம்பள வீட்டுக்கா? ஊர்ல வேற வேலையே இல்லையா உனக்கு?"

அப்பா கேட்டது வேறு. "மேடம் எப்படி இருக்காங்க? முட்டி வலி இருந்துச்சே, இப்ப தேவலையா?"

வேலை நீக்கம் செய்யப்பட்டு ஒன்பது வருடம். இன்னும் மேடம்.

"புக்கு எழுதறாங்கன்னா அதையும் எழுதுவாங்க. மறக்கற ஆள் இல்ல அவங்க. ஒரு வரி போதும் எனக்கு."

"எழுதுவா எழுதுவா," என்றாள் அம்மா. "முப்பத்தொண்ணுக்கு அப்புறம் முப்பத்திரண்டுன்னு போட்டு உங்க பேரை எழுதுவா."

தெருவில் பையன்கள் அப்பாவுக்கு வைத்திருக்கும் பெயரே 'முப்பத்தொண்ணு'தான். அம்மாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

அக்டோபரில் மறுவிசாரணைக் குழு அப்பாவின் மனுவை எடுக்கிறது. கடைசி மனு. அவர் பக்கம் ஒரு காகிதம்கூட இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஏன் இல்லை என்பதை ஒருமுறையாவது எழுதி வைக்கிறேன்.

மேயர் அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. எழுத்தில் பதில் சொல்ல விரும்பாத கோப்பின் ஓரத்தில் அவர் பென்சிலால் 'பேசவும்' என்று எழுதி அனுப்புவார். எழுத்தர் அறைக்குள் போவார். வாயால் உத்தரவு வரும். வெளியே வந்ததும் அந்தச் சொல்லை எழுத்தரே அழித்துவிட வேண்டும். கோப்பு சுத்தமாக இருக்க வேண்டும். இதில் அப்பாவை மிஞ்ச ஆள் இல்லை. உடன் வேலை பார்த்தவர்கள் 'ரப்பர் சார்' என்றே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட வயதில் எனக்கும் சொல்லிக்கொடுத்தார் — காகிதத்தின் இழை போகிற பக்கமாகத் தேய்க்கணும், தூசியை ஊதக்கூடாது, உள்ளங்கையில் ஏந்தணும்.

விடுதியைக் காலி செய்யச் சொல்லும் பொறியாளரின் அறிக்கை திங்களன்று வந்தது. தேர்தல் வியாழக்கிழமை. 'பேசவும்.' அப்பா போனார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றாராம் மேயர். அப்பா வெளியே வந்தார், அழித்தார், பூட்டினார்.

புதன் காலை விடுதி இடிந்தது. சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

அப்பா கெட்டவர் இல்லை என்று எழுத வந்தேன். ஆனால் அந்த இரண்டு நாளும் அப்பா வழக்கம்போல சாப்பிட்டார், தூங்கினார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பதினாறு வயது.

மார்ச் 20, வியாழன்

மேயரை வெறுக்க முடிந்தால் வேலை சுலபம். இன்று எனக்காக மின்விசிறியைத் திருப்பி வைத்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

ஒன்பதாம் அத்தியாயத்தின் படியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதை எழுதவில்லை. நடந்ததை அவர் குரலில் எழுதினேன்: 'அறிக்கை என் மேசைக்கு வந்தது. தேர்தல் முடியும்வரை அதை வைத்திருக்கும்படி எழுத்தரிடம் சொன்னது நான்தான்.'

என்ன நினைத்தேன்? படித்ததும் அழுது, ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்றா? நிறையப் படித்ததால் வந்த கோளாறு இது. புத்தகங்களில் மனிதர்கள் கடைசியில் திருந்திவிடுகிறார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு என் வசதிக்கு மாற்றிவிடுவேன்.

படி மேசைமேல் இருந்தது. அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில்: 'பேசவும்.'

ஒன்பது வருடமாக அப்பா வர்ணித்த எழுத்து. 'ப'வின் கால் நீண்டு, முடிவில் ஒரு சுழி. நடந்த உண்மை, அதன் பக்கத்திலேயே அவருடைய கையெழுத்து. இதைவிட ஒரு காகிதம் குழுவுக்கு வேண்டியதில்லை. பையில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருக்கலாம்.

"உக்காரு. ரப்பர் சார் பொண்ணுதானே நீ?"

உட்கார்ந்தேன்.

"முதல் நாளே தெரியும். மூக்கு அப்படியே உங்கப்பா மூக்கு. பதிப்பகத்துக்காரன் மூணு பேரோட பேர் கொடுத்தான், நான்தான் உன்னைக் கேட்டு வாங்கினேன்."

"எதுக்கு மேடம்?" மேடம் என்றேன். நானும்.

"அப்புறம் சொல்றேன். நீ எழுதினது நல்லாத்தான் இருக்கு. எனக்கும் வயசாச்சு, இதெல்லாம் சுமந்துட்டுப் போய் என்ன பண்ணப்போறேன்? இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பென்சிலை மட்டும் எடுத்துடு. அச்சுக்காரன் அதையும் சேர்த்து அடிச்சு வைப்பான்." சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவர் சிரித்து முடிப்பதற்குள் ரப்பர் என் கையில் இருந்தது. இழை போகிற பக்கமாகத் தேய்த்தேன். தூசியை உள்ளங்கையில் ஏந்தினேன். ஏந்திய பிறகுதான் கையைப் பார்த்தேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியே அப்பா," என்றார். பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்தியாக நான்காக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இப்ப புதுசா ஒண்ணு எழுது."

"என்னால முடியாது மேடம்."

"முடியாதுன்னா போ. வேற பையன் வருவான். அவன் உங்கப்பாவைத் திருடன்னு எழுதுவான், காசு வாங்கினான்னு எழுதுவான், நானும் சரின்னுடுவேன். நீ எழுதினா கொஞ்சம் கருணையா எழுதுவே. யோசிச்சுக்கோ. உனக்கு டீ சொல்லட்டுமா?"

டீ வந்தது. குடித்தேன். எழுதினேன்: 'நல்ல மனிதர்தான் அவர், அவருடைய ஒரு மறதிக்கு முப்பத்தோரு பெண்கள் விலையானார்கள்.'

இரண்டு முறை அடித்துத் திருத்தினேன். மூன்றாவது முறை ஓசை சரியாக வந்தது. வந்தபோது — இதையும் எழுதித்தான் ஆக வேண்டும் — ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

அப்பா கேட்டார்: "அந்த இடம் வந்துடுச்சா?" வந்துடுச்சுப்பா என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

சவரம் செய்துகொண்டே பாடுகிறார்.

செப்டம்பர் 11, வியாழன்

புத்தகம் வந்துவிட்டது. என்னை ஏன் கேட்டு வாங்கினார் என்பது நன்றியுரையில் இருக்கிறது: 'இந்த நூலின் மொழியைச் செப்பனிட்டவர், ஒன்பதாம் அத்தியாயத்தில் வரும் எழுத்தரின் மகள். அந்தக் குடும்பத்துக்கு என்மேல் மனக்குறை இல்லை என்பதற்கு வேறென்ன வேண்டும்?'

நான் ஒளித்து வைப்பதற்குள் அப்பா கடைக்குப் போய் வாங்கி வந்துவிட்டார். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். 212-ஆம் பக்கத்துக்கு வரச் சாயங்காலம் ஆயிற்று. என் பள்ளிக்கூடக் கட்டுரைகளைப் படிப்பதுபோலவே விரலை வரிக்குக் கீழே வைத்துப் படித்தார்.

"இது உன் வாக்கியம்," என்றார்.

"அப்பா, அவங்க சொன்னாங்க, நான் எழுதலேன்னா வேற யாராவது..."

"சொல்லுவாங்க." புத்தகத்தை மூடினார். "எனக்கும்தான் சொன்னாங்க."

அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

குழுவின் முன் நானும் போனேன். பென்சில், ரப்பர், 'பேசவும்', எல்லாம் சொன்னேன். குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பக்கம் இருக்கா?" இல்லை என்றேன். "யார் அழிச்சது?" அதற்கும் பதில் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "குடும்பத்துக்கே இதே வேலையா?" என்றார் அவர். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 3, திங்கள்

உத்தரவு தபாலில் வந்தது. மனு தள்ளுபடி. காரணமாகக் காட்டப்பட்டிருப்பது ஒரே ஒரு மேற்கோள்: பக்கம் 212, 'மனுதாரரின் மகளே மொழி திருத்திய நூலிலிருந்து.' வாக்கியத்தை முழுமையாக, காற்புள்ளியோடு, பிழையில்லாமல் எடுத்து எழுதியிருக்கிறார்கள். அப்பா உத்தரவில் துளையிட்டுக் கோப்பில் சேர்த்தார்.